அயர்லாந்து மூதாட்டிகளின் வாழ்க்கைக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் வயதான பெண்கள் தங்கள் வாழ்க்கையை வாய்விட்டுச் சொல்ல, அதைப் பதிவுசெய்து காப்பாற்றும் வேலை நெடுநாளாக நடக்கிறது. வாய்மொழி வரலாற்றில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்கள் அதைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்களை உச்சரிப்புக்கு முடிந்தவரை நெருக்கமாக எழுதியிருக்கிறேன். ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்தவர்கள் சின்னப் பிசகுகளைப் பொறுத்துக்கொள்வார்கள்.

அயர்லாந்துதான் கதைசொல்லிகளின் நாடாயிற்றே. பெண்களின் கதையை மட்டும் ஏன் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும்?

கதைகளைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள், உண்மைதான். 1935-இல் அரசுப் பணத்தில் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவினார்கள். ஷேமஸ் ஓ டுலியர்கா அதன் இயக்குநர். 1971 வரை அது இயங்கியது. அது சேர்த்ததெல்லாம் பிறகு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய், இன்று தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு என்ற பெயரில் இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் அது இடம்பிடித்தது.

ஆனால் அந்த ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் ஆசையாகத் தேடியது ஃபியன் மக்கூல் போன்ற நாயகர்களின் நீண்ட வீரக் கதைகளை. அவற்றை ஆண்கள் சொல்வதுதான் முறை என்ற எண்ணம் ஊர்களில் ஊறிப்போயிருந்தது. வீடு தேடி வரும் ஆண் விருந்தாளி கணப்புக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுவார். வீட்டுக்காரி தேநீர் போடுவாள். பெண்களிடம் கேட்டபோதும் நாட்டு மருந்து, ஜெபம், தாலாட்டு, தேவதைக் கதை என்றுதான் பெரும்பாலும் கேட்டார்கள். உங்கள் கல்யாணம் எப்படி முடிவானது, அடுத்த பிரசவத்தை நினைத்துப் பயந்தீர்களா, உங்கள் கையில் காசு புழங்கியதா என்று கேட்டவர்கள் குறைவு. கதை சொல்லத் தெரிந்த கிழவி கிடைத்தாள், அவளுடைய சொந்தக் கதையைக் கோட்டை விட்டார்கள்.

பெக் சேயர்ஸ் என்ற பெயர் எங்கே பார்த்தாலும் வருகிறதே, யார் அவர்?

இந்தத் துறையில் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1873-இல் கெர்ரி மாவட்டத்தின் டன்குயின் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் பேர்பெற்ற கதைசொல்லி. சிறுவயதிலேயே டிங்கிள் நகரத்தில் வீட்டு வேலைக்குப் போனார். அமெரிக்கா போன தோழி கப்பல் காசு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அங்கே விபத்து நேர்ந்து, காசு வரவில்லை. அமெரிக்கா கைநழுவிப் போன பிறகு, எதிரே கடலில் தெரிந்த பெரிய பிளாஸ்கெட் தீவுக்கு மருமகளாகப் போனார். பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தார். 1920-இல் ஒரு மகன் பாறை முகட்டிலிருந்து விழுந்து இறந்தான். மிஞ்சிய பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்கா போய்விட்டார்கள்.

அவருக்கு ஐரிஷ் மொழியில் எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கற்றது ஆங்கிலம். ஆகவே தன் வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல, கவிஞரான மகன் மீஹால் எழுதினார். டப்ளினைச் சேர்ந்த மாய்ரா நீ கின்னேட பதிப்பித்தார். 1936-இல் புத்தகம் வந்தது. பிறகு அது பள்ளிப் பாடமாயிற்று. வந்தது வினை. "ஐயோ என் துன்பமே, எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று புலம்பும் ஒரு கிழவியைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கட்டாயத்துக்குப் படித்து, அவரை மனதார வெறுத்தார்கள். இன்றும் நடுத்தர வயது ஐரிஷ்காரர் ஒருவரிடம் பெக் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்.

நேரில் அவரைக் கேட்டவர்கள் சொல்வது வேறு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து தீவுக்கு வந்துபோன ராபின் ஃபிளவர் போன்ற அறிஞர்கள் அவருடைய பேச்சில் மயங்கினார்கள். கையில் புகைக்குழாய், வாயில் கிண்டல். ஆணையத்தின் சேகரிப்பாளர் ஷோசவ் ஓ டாலி அவரிடமிருந்து 300-க்கும் மேற்பட்ட கதைகளை எழுதி எடுத்தார். தகப்பனாரிடம் கேட்ட வீரக் கதைகளும் அவற்றில் உண்டு, ஊர் வழக்கப்படி அவை ஆண்களின் சொத்தாக இருந்தும். 1947-இல் பிபிசி அவர் குரலைப் பதிவுசெய்தது. 1950-களின் தொடக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையிலும் அவரைப் பதிவுசெய்தார்கள். இந்தப் பதிவுகள் ஒலித்தட்டோடு நூலாக வெளிவந்தது 2009-இல்தான். 1958-இல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து.

அவர் வாய், மகன் பேனா, பதிப்பாசிரியர் கத்தரி. 1930-களின் டப்ளினுக்குப் பக்தியும் பொறுமையுமாக ஒரு கிராமத்துத் தாய் தேவைப்பட்டாள், புத்தகத்தில் அவள் கிடைத்தாள். பெக் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. மகன் முன்னிலையில், மகன் எழுதும்போது, அச்சுக்குப் போகும் என்று தெரிந்தே ஒரு தாய் எதையெல்லாம் சொல்வாள், எதை முழுங்குவாள் என்று யோசித்துப் பார்த்தால் போதும். ஒரு வாழ்க்கைக் கதையைக் காப்பாற்றினோம் என்று சொல்லுமுன், அது யார் கைகளின் வழியே வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சுற்றியே இருக்கும்.

ஒலிப்பதிவு வருவதற்கு முன்பே ஏதாவது தப்பிப் பிழைத்திருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் ஒப்பாரி வழியாக. 1773 மே மாதம் கார்க் மாவட்டத்தில் ஆர்ட் ஓ லீரி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி ஐலீன் டுவ் நீ கொன்னல் பாடிய ஒப்பாரி ஐரிஷ் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. அவரே எழுதிவைத்த பிரதி எதுவும் இல்லை. நோரி சிங்கிள்டன் என்ற, கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்ணின் வாயிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை எழுதி எடுத்தார்கள். தாளம் மாறாமல், கோபம் தணியாமல், ஒரு விதவையின் கதையை இன்னொரு பெண் மனப்பாடமாகச் சுமந்து வந்திருக்கிறாள். கத்தோலிக்கப் பாதிரிமாருக்கு இந்த ஒப்பாரிக்காரிகளைக் கண்டாலே ஆகாது. கண்டித்துக் கண்டித்தே வழக்கத்தை ஒழித்தார்கள்.

ஆணையத்தின் பதிவுகளில் அந்தக் காலத்துப் பெண்களின் குரலைக் கேட்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அவர்கள் பயன்படுத்திய எடிஃபோன் கருவி மெழுகு உருளையில் பதியும். உருளை விலை அதிகம். ஆகவே சேகரிப்பாளர் வீட்டுக்குப் போய் கேட்டு எழுதி முடித்ததும், மேற்பரப்பைச் சீவிவிட்டு அதே உருளையில் அடுத்தவரைப் பதிவுசெய்வார்கள். எழுத்து மிஞ்சியது, குரல் மெழுகுத் தூளாகப் போனது. கஞ்சத்தனம் என்று திட்டவும் மனம் வரவில்லை. அன்றைய ஏழை நாட்டில் அந்தப் பணம் கிடைத்ததே பெரிது.

பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பாட்டிகளின் கதையைச் சேகரித்தார்களாமே?

ஆமாம், 1937 முதல் 1939 வரை. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகள், 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இதற்கு இணையான ஒரு வீட்டுப்பாடம் வேறெங்கும் கொடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியாது!

பல பக்கங்களின் அடியில் சொன்னவர் பெயரும் வயதும் ஊரும் இருக்கும். வெண்ணெய் கடையும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர் மத்தை ஒரு சுற்றாவது பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் வெண்ணெயின் ராசியைக் கொண்டுபோய்விடுவார் என்பது போன்ற செய்திகள் ஏராளம். கக்குவான் இருமலுக்கு என்ன செய்தார்கள், பிப்ரவரி முதல் தேதித் திருநாளுக்குப் புனித பிரிஜிட் சிலுவையைக் கோரைப்புல்லில் எப்படிப் பின்னினார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரனிடம் எந்தப் பாட்டி தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றிப் பேசுவாள்? அதற்கு வேறு காதுகள் வேண்டியிருந்தன.

என்ன கேட்டால் பேச்சு வரும்?

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாரையும் போலத்தான் இருந்தேன்" என்ற பதில் வரும். இதை அடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காததால் வந்த பழக்கம் அது. அப்படிச் சொன்னவர்தான் இரண்டாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசுவார்.

பொருளைப் பிடித்துக் கேட்க வேண்டும். கிராமத்துப் பெண் என்றால் என் முதல் கேள்வி: கோழி யாருடையது? மாடும் நிலமும் ஆணுடையது, கோழியும் முட்டையும் பெண்ணுடையது என்பது ஐரிஷ் பண்ணை வீடுகளில் பொது விதி. நடமாடும் கடைவண்டி ஊருக்கு வரும்போது அவள் முட்டையை எண்ணிக் கொடுப்பாள். தேயிலை, சர்க்கரை, மாவுக்கு அதில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கடைக்காரர் காசாகத் தருவார், இல்லையென்றால் கணக்கில் எழுதுவார். பிள்ளைகளின் செருப்பு அதில் வரும், புருஷனுக்குத் தெரியாத செலவும் அதில்தான். ஒரு முட்டைக் கூடையிலிருந்து ஒரு குடும்பத்தின் அதிகாரம் யார் கையில் எவ்வளவு இருந்தது என்பது முழுக்க வெளியே வந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். 1946-இல் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. ஆனால் 1950-களிலும் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. வரி ஏறிவிடும் என்று விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள். வாளி தூக்கியவர்கள் அவர்கள் இல்லையே! ஐரிஷ் கிராமப் பெண்கள் சங்கம் குழாய்த் தண்ணீருக்காகவே பிரச்சாரம் செய்தது. கிணறு எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, துணி வெளுக்கும் நாளில் எத்தனை என்று கேளுங்கள். உடம்பு ஞாபகம் வைத்திருக்கும்.

நகரத்துப் பெண் என்றால் முதல் சம்பளம். டெர்ரியின் சட்டைத் தொழிற்சாலைகளிலும் டப்ளின், கார்க் ஆலைகளிலும் வேலை பார்த்த பெண்கள் பலரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்தோம், அம்மா திருப்பித் தந்தது இவ்வளவு. அந்த "இவ்வளவு" என்ற இடத்தில் சிலர் சிரிப்பார்கள். சிலர் அறுபது வருஷம் கழித்தும் கோபப்படுவார்கள்.

படித்து வேலைக்குப் போனவர்களிடம் கல்யாணத் தேதியைக் கேட்கலாம். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி அரசுப் பணியில் 1973 வரை இருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு 1934-இல் வந்து 1958-இல் நீங்கியது. கல்யாணத்தன்று அலுவலகத்தில் என்ன பரிசு கொடுத்து அனுப்பினார்கள், திங்கட்கிழமை காலை எழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் புள்ளிவிவரத்தில் அகப்படாத பல விஷயங்கள் வரும். ஓய்வூதியம் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் அப்போதுதான் விளங்கும்.

கணவரோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்?

மரியாதையாக வேறு வேலை கொடுத்து அனுப்பப் பாருங்கள். "அது 62 இல்லை, 63" என்று திருத்துகிற ஒருவர் இருந்தால் போதும், பேச்சு செத்துவிடும். மகள் இருந்தால் மகளுக்காகவே ஒரு கதை சொல்லப்படும். பெக்கின் கதை மறந்துவிடக் கூடாது.

வயதானவர்களின் ஞாபகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு சுவையான வழக்கு உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் என்ற சட்டம் 1909 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதோ 1864-இல். எழுபது வயதுக்காரருக்கு ஏது சான்றிதழ்? அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும் சூறாவளி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது. இருக்கிறது என்றால் வயது சரி. ஊர் ஊராகக் கிழவன் கிழவிகளுக்கு அந்த இரவு பளிச்சென்று ஞாபகம் வந்தது. கூரை பறந்தது, பாட்டி அலறியது எல்லாம் சொன்னார்கள். தொட்டிலில் இருந்தவர்களும், இன்னும் பிறக்காதவர்களும் சொன்னார்கள். வாரம் 5 ஷில்லிங் சும்மாவா?

ஆகவே எது வந்தாலும் நம்பு என்று நான் சொல்லவில்லை. தேதி, தொகை, பெயர் இவற்றைச் செய்தித்தாளோடும் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வயதானவர்கள் ஆண்டு எண்ணைத் தவறவிடுவார்கள், வரிசையைச் சுலபமாகத் தவறவிட மாட்டார்கள். 1947-இன் பெரும் பனிக்கு முன்னா பின்னா, ஊருக்குக் கரண்டு வருமுன்னா, மூத்தவன் பிறந்த பிறகா என்று கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிடுவார்கள். தவறு என்று தெரிந்ததை ஒலிப்பதிவில் திருத்தக் கூடாது. பக்கத்தில் குறிப்பு எழுதலாம்.

என்ன கருவி வேண்டும்?

நல்ல போன் ஒன்றே போதும். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் இருந்தால் இன்னும் நல்லது. வேவ் ஃபார்மட், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைச் சேனல் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சுவர்க் கடிகாரத்தையும் ஃபிரிட்ஜ் சத்தத்தையும் கவனியுங்கள். மூன்று இடங்களில் பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

துன்பம் நிறைந்த கதைகளைப் பதிவுசெய்வது சரியா? பழைய புண்ணைக் கிளறுவது ஆகாதா?

அயர்லாந்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். கன்னிகாஸ்திரீகள் நடத்திய மேக்டலின் சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்துவைத்துச் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். கடைசிக் கூடம் டப்ளினில் மூடப்பட்டது 1996-இல். 2013 பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டுகளில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் உயிரோடிருந்த பெண்களைத் தேடிப்போய் வாய்மொழி வரலாறு ஒன்றைத் தொகுத்தார்கள்.

அங்கே பெயர் விஷயம் நினைப்பதுபோல் எளிதில்லை. அடையாளம் தெரியாமல் இருக்க மாற்றுப் பெயர் கொடுப்பது வாய்மொழி வரலாற்றில் வழக்கம். சிலருக்கு அது பெரிய பாதுகாப்பு. பிள்ளைகளுக்கே தெரியாத கதை அது. ஆனால் சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் பல பெண்களின் சொந்தப் பெயரைப் பறித்து வேறு பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்டவரிடம் "உங்களுக்கு ஒரு புனைபெயர் வைக்கிறோம்" என்பது என்ன மாதிரி வலிக்கும்? அவரிடமே கேட்டு முடிவெடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்களை வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களை விசாரிக்க அரசு 2015-இல் ஆணையம் அமைத்தது. 2021 ஜனவரியில் வந்த அறிக்கை, விசாரணைக்கு எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. ஆணையத்தின் ரகசியக் குழுவிடம் 550 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். பதிவு, எழுத்தாக்கம் செய்யப்படாமலே அழிக்கப்பட்டிருந்தது. அழிப்போம் என்று முன்பே சொன்னோம் என்றது ஆணையம். எங்களிடம் சொல்லவே இல்லை என்றார்கள் பல பெண்கள். அறிக்கையில் தங்கள் கதையைப் படித்துவிட்டு, இது நாங்கள் சொன்னது இல்லை என்றும் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் ஒலி இல்லை. 2021 பிப்ரவரியில் பேக்கப் டேப்பிலிருந்து அந்தப் பதிவுகளை மீட்க முடிந்தது வேறு கதை. தேடச்சொல்லி அத்தனை குரல்கள் எழும்பியிருக்காவிட்டால் மீட்டிருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

புண்ணைக் கிளறுவது என்று கேட்டீர்கள். பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சுக்கு என்ன ஆகிறது என்பதும் காயப்படுத்தும், அதை மறந்துவிடுகிறோம். நேர்காணலின்போது அவர் எந்தக் கேள்வியையும் தள்ளிவிடலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாள் ஒரு போன் செய்யுங்கள்.

"இது ரகசியமாகவே இருக்கும்" என்று வாக்குக் கொடுக்கலாமா?

சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் கொடுக்கலாம். 2001 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் ஆதரவில் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரைப் பேட்டி எடுத்தார்கள். நீங்கள் உயிரோடிருக்கும்வரை வெளியே வராது என்று வாக்கு. பேசியவர்களில் டோலர்ஸ் பிரைஸ் என்ற பெண்ணும் ஒருவர். 2011-இல் வட அயர்லாந்துக் காவல்துறை அமெரிக்க நீதிமன்றத்தின் வழியாகப் பதிவுகளைக் கேட்டது. வழக்கு நீண்டு, கடைசியில் சில ஒலிநாடாக்கள் கைமாறின. அதன்பிறகு வடக்கில் முன்பின் தெரியாத ஒருவர் ரெக்கார்டரோடு வந்தால் வாயைத் திறக்க யோசிக்கிறார்கள், அதில் என்ன தப்பு?

ஒப்புதலை இரண்டு தடவை வாங்குவது நல்ல பழக்கம். பேசுமுன் பதிவுசெய்ய ஒப்புதல். எழுத்தாக்கத்தைப் படித்தோ கேட்டோ முடித்தபின் பயன்படுத்த ஒப்புதல். எதை இப்போது வெளியிடலாம், எதைப் பத்து வருஷம் பூட்டிவைக்க வேண்டும் என்று அவரே குறிக்கலாம். பேசிய வார்த்தைகளின் உரிமை அவருடையது, ஒலிப்பதிவின் உரிமை பதிவுசெய்தவருடையது. இரண்டும் யாருக்கு என்று தாளில் எழுதிக்கொள்ளாவிட்டால் பின்னால் பேரப்பிள்ளைகள் காலத்தில் தகராறு வரும்.

எழுத்தாக்கும்போது மொழியைச் சரிசெய்யலாமா?

"ம்", "வந்து" போன்றவற்றைக் குறைக்கலாம். வட்டார வழக்கைத் தொடாதீர்கள். ஐரிஷ் கிராமத்து ஆங்கிலத்தை லண்டன் ஆங்கிலமாக மாற்றினால் பேசியவர் காணாமல் போவார். ஒரு மணி நேர ஒலியை எழுதக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் ஆகும். தானாக எழுதித்தரும் மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் டோனிகால் மாவட்டத்துப் பாட்டியின் பேச்சை அது படுத்தும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். முழுவதையும் ஒரு மனிதக் காது சரிபார்த்தே ஆக வேண்டும்.

நாட்டைவிட்டுப் போனவர்கள், ஐரிஷ் டிராவலர் பெண்கள் இவர்களுடைய கதைகள்?

1946-51 ஆண்டுகளில் அயர்லாந்தைவிட்டுப் போனவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பலர் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நர்ஸாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய கதையைத் தேட வேண்டிய இடம் லண்டனும் பர்மிங்ஹாமும். ஊருக்குப் பணம் அனுப்பியதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏன் கிளம்பினோம் என்பதைச் சொல்ல நாளாகும்.

டிராவலர் என்பவர்கள் வண்டிகளில் ஊர் ஊராக வாழ்ந்த தனிச் சமூகம். அவர்களை ஓர் இனக்குழுவாக அரசு ஏற்றது 2017 மார்ச் முதல் தேதிதான். மூத்த தலைமுறையில் பள்ளிக்கூடம் போகாதவர்கள் அதிகம் என்பதால் வாய்மொழிதான் அவர்களின் ஆவணம். நேன் ஜாய்ஸ் என்ற பெண்மணி 1982-இல் பொதுத் தேர்தலில் நின்றார், அச்சமூகத்திலிருந்து அப்படி நின்ற முதல் ஆள். 1985-இல் அவருடைய தன்வரலாறும் வந்தது. வெளியாட்கள் வந்து பதிவுசெய்வதைவிடச் சமூகத்துப் பெண்களே பதிவுசெய்வது நல்லது என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

தமிழ் வாசகர் இவற்றை எங்கே கேட்கலாம், படிக்கலாம்?

பள்ளிப் பிள்ளைகள் சேகரித்த நோட்டுப் புத்தகங்கள் டூகஸ் என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. கெயில்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளைத் தவிர்த்த மற்ற இடங்களின் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஐரிஷ் தெரியாவிட்டாலும் படிக்கலாம். ஊர்ப் பெயரை வைத்தோ சொன்னவரின் பெயரை வைத்தோ தேட முடியும். கையெழுத்தைத் தட்டச்சு செய்து உதவவும் வாசகர்களை அனுமதிக்கிறார்கள். நகரத்துப் பெண்களின் பேச்சுக்கு 1996-இல் தொடங்கிய கார்க் நாட்டார் வழக்காற்றுத் திட்டத்தின் தொகுப்பைப் பாருங்கள். சலவைக்கூடப் பெண்களின் வாய்மொழி வரலாற்றையும் இணையத்தில் படிக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒருவர் போதும்.